ஜேன் அயர் நாவலும் மாணவர் கட்டுரைத் திட்டமும்

ஜேன் அயர் (1847) ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டி எழுதிய நாவல். கரர் பெல் என்னும் புனைபெயரில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பெற்றோரை இழந்த ஜேன் என்னும் பெண், உறவினர் வீட்டிலும் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்து, தார்ன்ஃபீல்ட் மாளிகையில் வீட்டு ஆசிரியையாகி, அதன் உரிமையாளன் ரோச்செஸ்டரைக் காதலித்து, பிரிந்து, மீண்டும் சேரும் கதையை அவளே தன் வரலாறாகச் சொல்கிறாள். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு அடிக்கடி கட்டுரைப் பொருளாக அளிக்கப்படும் நாவல்களில் இது ஒன்று. அவ்வாறு அளிக்கப்படும் தலைப்புகளில் பரவலானது ‘ஜேனின் சுதந்திரம்’. அத்தலைப்பில் ஒரு கட்டுரையைத் திட்டமிடும் முறையையும், அத்திட்டம் நாவலைப் பற்றி எதை வெளிக்கொணர்கிறது என்பதையும் இப்பதிவு ஆராய்கிறது.

வழக்கமான திட்டங்களும் குறைகளும்

இந்நாவலைப் பற்றிய மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று திட்டங்களில் ஒன்றைப் பின்பற்றுகின்றன.

முதலாவது, இடவாரித் திட்டம். ஜேன் வாழும் ஐந்து இடங்களான கேட்ஸ்ஹெட், லோவுட், தார்ன்ஃபீல்ட், மூர் ஹவுஸ், ஃபெர்ன்டீன் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பத்தி ஒதுக்கப்படும். நாவலே இந்த வரிசையில் அமைந்திருப்பதால் இது எளிதாகத் தோன்றும். ஆனால் எழுதி முடித்தபின் கையில் இருப்பது கதைச்சுருக்கம் மட்டுமே.

இரண்டாவது, கருப்பொருள் பட்டியல். காதல், மதம், வர்க்கம், பெண்ணுரிமை என்று தலைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் சில உண்மைகள் இருக்கும். ஒரு பத்தியை எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் கட்டுரை மாறாது. அப்படி இடம் மாற்ற முடிகிறதென்றால் அங்கே வாதம் இல்லை என்று பொருள்.

மூன்றாவது, ஆசிரியர் வரலாற்றுத் திட்டம். சார்லட் பிராண்டி கோவன் பிரிட்ஜ் பள்ளியில் பயின்றவர். அவருடைய மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் அப்பள்ளியில் நோயுற்று, 1825-ல் இறந்தனர். லோவுட் பள்ளியின் சித்தரிப்புக்கு அந்த அனுபவம் அடிப்படை. ஆனால் லோவுட் எங்கிருந்து வந்தது என்று சொல்வது, லோவுட் இந்நாவலில் என்ன செய்கிறது என்று சொல்வதாகாது.

மூன்று திட்டங்களுக்கும் பொதுவான குறை ஒன்றே. அவற்றில் கேள்வி இல்லை. ‘சுதந்திரம்’ ஒரு தலைப்பு மட்டுமே. ‘ஜேன் தன் சுதந்திரத்தை எதைக்கொண்டு அளக்கிறாள்?’ என்று கேட்கும்போதே திட்டம் தொடங்குகிறது.

பணத்தைப் பின்தொடரும் வாசிப்பு

கேள்வி கிடைத்தபின் நாவலை இரண்டாம் முறை வாசிப்பது அவசியம். இம்முறை முழுவதையும் ஒரே கவனத்துடன் வாசிக்க வேண்டியதில்லை. ஒரு தடயத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். ஜேன் அயரில் அத்தகைய தடயம் பணம். சார்லட் பிராண்டி தொகைகளைத் துல்லியமாகக் குறிப்பிடுபவர். அவற்றை அத்தியாய எண்ணுடன் எழுதிக்கொண்டால் கிடைக்கும் குறிப்பு பின்வருமாறு அமையும்.

- அத்தியாயம் 1: ஜேனுக்குச் சொந்தமாகப் பணம் எதுவும் இல்லை, அவள் பிறர் தயவில் உண்பவள் என்று ஜான் ரீட் இடித்துரைக்கிறான்.
- அத்தியாயம் 10: லோவுட்டில் ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டு பெறும் ஜேனுக்கு, தார்ன்ஃபீல்டில் 30 பவுண்டு ஊதியத்தில் வேலை கிடைக்கிறது.
- அத்தியாயம் 21: ரோச்செஸ்டர் அவளுக்குத் தரவேண்டியது 15 பவுண்டு. அவன் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறான். அவள் மறுக்கிறாள். அவன் 10 பவுண்டு தர, இன்னும் 5 பவுண்டு பாக்கி என்று அவள் நினைவூட்டுகிறாள்.
- அத்தியாயம் 24: மணம் நிச்சயமான பிறகும், வீட்டு ஆசிரியையாகத் தொடர்ந்து 30 பவுண்டு ஈட்டப்போவதாகச் சொல்கிறாள்.
- அத்தியாயம் 27: பெர்த்தா மேசனை மணந்தபோது ரோச்செஸ்டருக்கு வந்த சீதனம் 30,000 பவுண்டு என்று தெரிகிறது. ஜேன் 20 ஷில்லிங்குடன் தார்ன்ஃபீல்டை விட்டு வெளியேறுகிறாள்.
- அத்தியாயம் 30: மார்ட்டன் கிராமப் பள்ளியில் மீண்டும் 30 பவுண்டு ஊதியம்.
- அத்தியாயம் 33: மடேரா தீவில் இறந்த சிற்றப்பா ஜான் அயரின் சொத்து 20,000 பவுண்டு அவளுக்கு வருகிறது. அதை நான்காகப் பிரித்து, தனக்கு 5,000 பவுண்டு வைத்துக்கொள்கிறாள்.

இங்கே கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. நாவலின் சில பதிப்புகள் அத்தியாயங்களை 1 முதல் 38 வரை தொடர்ச்சியாக எண்ணுகின்றன. சில, தொகுதிவாரியாகப் புதிதாக எண்ணுகின்றன. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யாவிட்டால் மேற்கோள் எண்கள் குழம்பிவிடும். இங்கே தரப்படும் எண்கள் தொடர்ச்சியான எண்ணிக்கையைச் சேர்ந்தவை.

மையக் கருத்தை உருவாக்குதல்

மேற்கண்ட குறிப்பைப் பார்த்தவுடன் மாணவர் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ‘ஜேன் சுதந்திரமான பெண்’ என்பதாக இருக்கும். அதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க முடியாத கருத்துக்கு 1,500 சொற்கள் தேவையில்லை.

இரண்டாம் முயற்சியில் ‘ஜேனின் சுதந்திரம் பணத்தைச் சார்ந்தது’ என்னும் வாக்கியம் கிடைக்கும். இதை ஒருவர் மறுக்கலாம் என்பதால் இது முன்னேற்றம். ஆனால் எல்லாப் பணத்தையும் இது ஒன்றாகவே கருதுகிறது. 30 பவுண்டு ஜேன் உழைத்துப் பெற்றது. 20,000 பவுண்டு அவளைத் தேடி வந்தது. 30,000 பவுண்டு வேறொரு பெண்ணுடையது.

இந்த வேறுபாட்டை உள்ளடக்கும்போது மூன்றாம் வடிவம் உருவாகிறது. ‘உழைப்பின் ஊதியத்தால் தன் மதிப்பை அளக்கும் ஜேன், இறுதியில் சுதந்திரம் அடைவது தன் உழைப்பால் வராத பணத்தால்தான். அப்பணம் வந்த வழியை நாவல் காட்டுகிறது, ஆனால் விசாரிப்பதில்லை.’ இக்கருத்தை எதிர்க்க முடியும், நிறுவவும் முடியும். ஒவ்வொரு பத்தியும் இதன் ஒரு பகுதியைச் சுமக்கும். பத்திகளின் வரிசையை மாற்றினால் வாதம் குலையும்.

பத்தி அமைப்பு

1,500 சொற்கள் கொண்ட கட்டுரைக்குச் சொற்களை இவ்வாறு பகிரலாம்: அறிமுகம் 150, ஊதியம் 200, தார்ன்ஃபீல்ட் 300, எதிர்வாதம் 250, வாரிசுச் சொத்தும் பெர்த்தாவும் 350, முடிவுரை 250. சிக்கலான இடத்துக்கு அதிகச் சொற்கள் ஒதுக்கப்படுவதைக் காணலாம். தொடக்க அத்தியாயங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டு இறுதிப் பகுதியை அவசரமாக முடிப்பது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி நிகழ்வது. சொற்பகிர்வு அதைத் தடுக்கும்.

*ஊதியம்*

கேட்ஸ்ஹெட்டில் ஜேன் உண்ணும் உணவுகூடக் கடனாகவே கருதப்படுகிறது. ஊதியம் பெறத் தொடங்கியபின் அவள் யாருக்கும் கடன்பட்டவள் அல்ல. இப்பத்தி சுருக்கமாக அமைய வேண்டும். ஜான் ரீட் புத்தகத்தை வீசியடிக்கும் காட்சியை விரித்துரைப்பதற்கு இது இடமில்லை. அக்காட்சியில் புத்தக அலமாரியும் தன்னுடையதே என்று அவன் உரிமை கொண்டாடுவதைக் குறிப்பிட்டால் போதும்.

*தார்ன்ஃபீல்ட்*

50 பவுண்டு நோட்டுக் காட்சி நகைச்சுவை போலத் தோன்றினாலும் கட்டுரையின் முக்கியமான சான்றுகளில் ஒன்று. ஜேன் தனக்கு உரியதை மட்டும் கேட்கிறாள். அதிகமாகத் தருவதையும் ஏற்பதில்லை, குறைவாகத் தருவதையும் கணக்கில் வைக்கிறாள். அடுத்து வருவது மில்கோட் நகரின் பட்டுக் கடைக் காட்சி. ரோச்செஸ்டர் அவளுக்கு ஆறு ஆடைகள் வாங்க நினைக்கிறான். அவள் அதை இரண்டாகக் குறைக்கிறாள். அவன் வாங்கித் தரத் தர அவளுக்கு எரிச்சலும் சிறுமையும் கூடுகின்றன. தனக்கென்று சிறிதளவாவது சொத்து இருந்தால் நல்லது என்று எண்ணி மடேராவிலுள்ள சிற்றப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

கதையின் போக்கை மாற்றுவது அந்தக் கடிதம்தான். அது மடேராவை அடைந்தபோது பெர்த்தாவின் சகோதரன் ரிச்சர்ட் மேசன் அங்கே இருக்கிறான். ஜேனின் மணச்செய்தி அவனுக்குத் தெரியவருகிறது. தேவாலயத்தில் மணம் தடைபடுவது அதன் விளைவு. சுதந்திரமாக இருக்க விரும்பி ஜேன் எடுத்த முயற்சியே அவளுடைய மணத்தை நிறுத்துகிறது. அதுவே அவளைச் செல்லாத மணத்திலிருந்து காப்பாற்றுகிறது. மர்மக் கதையின் தற்செயல் நிகழ்வாகப் பலர் கடந்துபோகும் இந்த இடத்தில், நாவலின் பொருளியலும் கதைப்பின்னலும் ஒன்றாகின்றன. பணத்தைப் பின்தொடராத வாசிப்பில் இது கண்ணில் படுவது அரிது.

*எதிர்வாதம்*

நல்ல திட்டம் தனக்கு எதிரான வலுவான சான்றைத் தானே முன்வைக்கும். இங்கே அச்சான்று இரண்டு காட்சிகளில் உள்ளது. ரோச்செஸ்டர் தென் பிரான்சில் ஒரு வீட்டில் தன்னுடன் வாழ அழைக்கும்போது ஜேன் மறுக்கிறாள். அப்போது அவளிடம் இருப்பது 20 ஷில்லிங். அதுவும் வண்டிக் கூலிக்கே போய், விட்கிராஸ் என்னும் நாற்சந்தியில் வெறுங்கையுடன் நிற்கிறாள். மாறாக 5,000 பவுண்டு கைக்கு வந்தபின், இந்தியாவுக்கு மதப்பணியாளராகச் செல்லும் செயின்ட் ஜான் ரிவர்ஸ் அவளை மனைவியாக உடன் வர வற்புறுத்தும்போது, அவள் கிட்டத்தட்ட இணங்கிவிடுகிறாள்.

இல்லாதபோது உறுதியாக நின்றவள் இருக்கும்போது தடுமாறுகிறாள் என்றால், சுதந்திரம் பணத்தைச் சார்ந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த எதிர்ப்பை மாணவர் மழுப்பக் கூடாது. மறுப்பதற்கு ஜேனுக்குப் பணம் தேவைப்படவில்லை. மறுத்தபின் உயிர்வாழ்வதற்குத் தேவைப்பட்டது. மூர் ஹவுஸ் வாசலில் அவள் மயங்கிச் சாகும் நிலையில் கிடந்தது அதற்குச் சான்று. திரும்பிச் சென்று தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதற்கும் பணம் தேவைப்பட்டது. ஃபெர்ன்டீனில், தன்னை ஏற்காவிட்டால் அருகிலேயே சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள முடியும் என்று அவளால் சொல்ல முடிகிறது. எதிர்வாதம் மையக் கருத்தை இவ்வாறு கூர்மைப்படுத்துகிறது.

*வாரிசுச் சொத்தும் பெர்த்தாவும்*

பெரும்பாலான கட்டுரைகள் ஜேன் தன் சொத்தை உறவினர்களுடன் பங்கிட்டுக்கொண்டதைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. பாராட்டுக்குரிய செயல்தான். ஆனால் அப்பணம் வந்த வழியை நாவலே ஓரிடத்தில் சொல்கிறது. சிற்றப்பா ஜான் அயர் மடேராவின் ஃபுன்ச்சால் நகரில் வணிகர். 26-ஆம் அத்தியாயத்தில், ஜமைக்காவைச் சேர்ந்த மேசன் குடும்ப வணிக நிறுவனத்துடன் அவருக்குப் பல ஆண்டுத் தொடர்பு இருந்தது தெரிகிறது. மேசன் மேற்கிந்தியத் தோட்ட முதலாளி. ரோச்செஸ்டரின் 30,000 பவுண்டும் அங்கிருந்தே வந்தது. ஜேனின் வாரிசுச் சொத்தும் பெர்த்தாவின் சீதனமும் ஒரே வணிக உலகத்தில் விளைந்தவை.

அந்த உலகம் அடிமைகளின் உழைப்பால் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் இயற்றப்பட்டு 1834-ல் நடைமுறைக்கு வந்தது. நாவல் எழுதப்பட்டது அதற்குப் பின். கதை நிகழும் ஆண்டு உறுதியாகச் சொல்லப்படவில்லை. 32-ஆம் அத்தியாயத்தில் புதிய வெளியீடாகக் காட்டப்படும் வால்டர் ஸ்காட்டின் ‘மார்மியன்’ 1808-ல் வந்த நூல். ஆகவே தேதிகளை வைத்து உறுதியான முடிவுக்கு வருவதை மாணவர் தவிர்க்க வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. ரீட் குடும்பத்தை எதிர்க்கும் சிறுமி ஜேன் தன்னைக் கலகம் செய்யும் அடிமையுடன் ஒப்பிடுகிறாள். பட்டுக் கடைக் காட்சியில் ரோச்செஸ்டரின் புன்னகை அவளுக்கு அடிமைப் பெண்ணைப் பார்க்கும் சுல்தானை நினைவூட்டுகிறது. அடிமை என்னும் உவமை நாவலில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஜமைக்காத் தோட்டங்களில் உழைத்த மனிதர்கள் வருவதில்லை.

பெர்த்தா வருகிறாள், ஆனால் பேசுவதில்லை. அவளுடைய சிரிப்பும் கூச்சலும் கேட்கின்றன. அவள் மணப்பெண்ணின் முகத்திரையைக் கிழிக்கிறாள், தீ வைக்கிறாள். அவளைப் பற்றி வாசகர் அறிவது ஏறத்தாழ முழுக்க ரோச்செஸ்டரின் சொற்களில். அவளுடைய பணத்தைப் பெற்று அவளைப் பூட்டி வைத்திருப்பவன் சொல்லும் சாட்சியம் அது. அதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டு ‘பைத்தியக்கார மனைவி’ என்று எழுதும் மாணவர், நாவல் திறந்து வைத்திருக்கும் ஒரு கதவை மூடிவிடுகிறார்.

விமர்சகர்களைப் பயன்படுத்துதல்

விமர்சகர்களின் பெயர்கள் கட்டுரைக்கு அணிகலன்கள் அல்ல. ஒவ்வொருவரையும் வாதத்தின் எந்தக் கட்டத்தில் அழைப்பது என்பதைத் திட்டத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’ நூலில், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அதே நூலில் ஜேன் அயரின் 12-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் சினம் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று குறை கூறினார். பணத்தையும் பெண்ணின் சுதந்திரத்தையும் இணைக்கும் மையக் கருத்துக்கு இது பொருத்தமான தொடக்கம்.

சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் இருவரும் 1979-ல் எழுதிய நூல், பெர்த்தாவை ஜேனின் அடக்கப்பட்ட சினத்தின் வடிவமாக வாசித்தது. காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1985-ல் எழுதிய கட்டுரை அந்த வாசிப்பின் எல்லையைச் சுட்டியது. ஜேன் தனிமனுஷியாக முழுமை பெறுவதற்காகக் காலனி நாட்டுப் பெண் பலியாக வேண்டியிருக்கிறது என்பது அவருடைய வாதம். இந்த இருவகை வாசிப்புகளையும் மோதவிட்டு, மாணவர் தன் சான்றுகளால் ஒரு நிலைப்பாட்டை எடுக்கலாம். டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரிஸ் 1966-ல் எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ நாவல் பெர்த்தாவுக்கு அந்துவானெத் என்ற பெயரும் குரலும் கொடுத்தது. அதைக் குறிப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ரிஸின் அந்துவானெத் சொல்பவை ஜேன் அயரின் பெர்த்தாவைப் பற்றிய சான்றுகள் ஆகா. அவை அந்நாவலின் மௌனத்துக்கு இன்னொரு எழுத்தாளர் அளித்த பதில்.

முடிவுரையைத் திட்டமிடுதல்

முடிவுரை முன்னர் சொன்னதைத் திரும்பச் சொல்லும் இடம் அல்ல. மையக் கருத்து நிறுவப்பட்டபின் எழும் கேள்வியை அங்கே வைக்க வேண்டும். ஜேன் அயரில் அக்கேள்வியைச் சட்டம் எழுப்புகிறது.

1847-ல் இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணின் பணமும் அசையும் சொத்தும் கணவனைச் சேரும். பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமை 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களால் வந்தது. முன்கூட்டியே தனி ஒப்பந்தம் செய்து மனைவியின் சொத்தைப் பாதுகாக்கும் வழி வசதியானவர்களுக்கு இருந்தது. ஜேன் அவ்வாறு செய்ததாக நாவல் சொல்வதில்லை. பெர்த்தாவின் 30,000 பவுண்டு எந்தச் சட்டத்தால் ரோச்செஸ்டருக்குப் போனதோ, அதே சட்டத்தால் ஜேனின் 5,000 பவுண்டும் அவனுக்குப் போகும். இரு பெண்களும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் ஃபெர்ன்டீனில் ஜேனின் சுதந்திரத்தைக் காப்பது எது? ஒரு கையையும் பார்வையையும் இழந்த ரோச்செஸ்டர் அவளைச் சார்ந்திருப்பது மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் அவனுக்கு ஒரு கண்ணில் ஓரளவு பார்வை திரும்புவதையும் நாவல் சொல்கிறது. ஜேன் இக்கதையைச் சொல்வது மணமாகிப் பத்தாண்டுகள் கழித்து. தான் நிறைவாக வாழ்வதாக அவள் கூறுகிறாள். அந்த நிறைவை நம்புவதற்குக் காரணங்கள் உண்டு. அது எந்தச் சட்டத்தாலும் உறுதி செய்யப்படாதது என்பதும் உண்மை.

மதிப்பீடு

ஜேன் அயர் பற்றிய மாணவர் கட்டுரைகளில் ஜேனைக் கொண்டாடுபவை மிகுதி. பெர்த்தாவின் பெயரால் ஜேனைக் குற்றவாளியாக்கும் கட்டுரைகளும் உண்டு. இரண்டும் எளியவை. இரண்டிலும் முடிவு முதலில் வருகிறது, வாசிப்பு பின்னால் வருகிறது. தொகைகளைக் குறித்துக்கொண்டு தொடங்கும் திட்டத்தின் பயன், மாணவர் தன் முடிவை நாவலிடமிருந்து பெற வேண்டியிருப்பது. 5 பவுண்டு பாக்கியை நினைவில் வைத்திருக்கும் ஜேன் மீது மதிப்பு கூடுகிறது. அவள் கணக்கிடாத 30,000 பவுண்டு அதே காரணத்தால் உறுத்துகிறது. மதிப்பும் உறுத்தலும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே கட்டுரைக்குள் நிற்க இடம் செய்து தருவதே திட்டத்தின் வேலை.